படத்தின் மூலையில் ஒரு பை

அத்தியாயம் ஏழு

"அக்கா, கள்ளன்ரை கடையிலையே போய்ச் சாமான் வாங்கப் போறம். விலையிலை கழிவு ஏதும் தருவானோ?"

ஓட்டோவைக் கஸ்தூரியார் வீதி ஓரமாக நிறுத்திவிட்டுச் சிமியோன் கேட்டான். குருநகர்க்காரன். வண்டி நின்றாலும் வாய் நிற்காது.

"கள்ளன் எண்டு இன்னும் ஒருத்தரும் தீர்ப்புச் சொல்லேல்லை. உள்ளுக்கை வந்து வாயைப் பூட்டி வைச்சிரும்," என்றாள் ஜெயகௌரி.

இணுவில் ஜெயகௌரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருந்து, எரியாத கடையை எரிந்ததென்று சொல்லிக்கொண்டு வந்தவர்களையெல்லாம் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பியவள். வேலையில் இருந்துதான் ஓய்வு பெற்றாள். சந்தேகப்படுவதில் இருந்து இல்லை. சிமியோன் அவளுக்குச் சாரதி, உளவாளி, தேவைப்பட்டால் தலையிடி.

அவளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தவள் ஜெசிதா. மருந்துக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்தால் கமெராவோடு நகரம் முழுக்க நடப்பாள். மடியில் ஒரு சாம்பல் நிறப் பை. அதை இழுத்து மூடும் சிப் செத்துப்போய், மூடியை நீல நைலோன் வலைக்கயிற்றால் கட்டியிருந்தாள்.

வழக்கு இதுதான். ஒரு படம். அந்தப் படத்தை நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தட்டாதெருச் சந்திப் பக்கம் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. சுவரில் சரஸ்வதி. கீழே வாழையிலையில் ஸ்பனர், சுத்தியல், காற்றடிக்கும் பம்பு. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. முன்னால் முக்காலியில் கடைக்காரர் உட்கார்ந்தபடியே நித்திரை. ஒயில் படிந்த இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடக்கின்றன, என்ன செய்வதென்று தெரியாத கைகள் மாதிரி. படத்தின் இடது மூலையில் மட்டும் கறுப்பாக, சரிவாக, மங்கலாக ஏதோ ஒன்று.

சரஸ்வதி பூசை அன்று பின்னேரம் ஜெசிதா எடுத்தது. 'லீவு' என்று அதற்குப் பெயரும் வைத்தாள். பெரிதாக அடித்துத் தரும்படி மெமறி காட்டைச் சிவதர்ஷனின் ஸ்ரூடியோவில் கொடுத்தாள். காட் பழுதாகிப் போச்சு என்று சொல்லி ஒரு படமும் இல்லாத வெறும் காட்டைத்தான் அவன் திருப்பிக் கொடுத்தான். நாளைக்குத் தொடங்கப்போகிற புகைப்படக் கண்காட்சியின் அழைப்பிதழில் இப்போது அதே படம் இருக்கிறது. பெயர் 'பூசை நாள்'. எடுத்தவர் சிவதர்ஷன். முதற் பரிசும் அவருக்கு.

ஜெசிதா கண்காட்சி நடத்தும் பரமலிங்கம் மாஸ்ரரிடம் போய்ச் சண்டை பிடித்தாள். "ஆதாரம் கொண்டுவாரும் பிள்ளை. கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிற திகதியைச் சின்னப்பிள்ளையும் மாத்தும்," என்று அவர் அனுப்பிவிட்டார். சைக்கிள் கடைக்காரரைக் கேட்டால், படம் எடுக்கும்போது அவர் நித்திரை.

"ஒரே ஒரு சாட்சி. அதுவும் குறட்டை விட்ட சாட்சி," என்று சிமியோன் ஏற்கெனவே பகிடி விட்டிருந்தான்.

மிச்சம் இருந்தது அந்த மூலையில் இருக்கிற கறுப்பு ஒன்றுதான்.

"அது என்ரை பாக்கின்ரை மூடி, அன்ரி," என்று ஜெசிதா சொல்லியிருந்தாள். "நடக்கேக்கை பாக்கை முன்னுக்கு இழுத்துப் போடுவன். பக்கத்தாலை திறந்து கமெராவை எடுத்து, பாக்குக்கு மேலையே வைச்சு அடிப்பன். அண்டைக்குத்தான் சிப் போனது. மூடி தொங்கி, கறுப்பு நிழல் மாதிரிப் படத்துக்கை விழுந்திட்டுது."

சிவதர்ஷனோ கலியாண வீடுகளில் முதுகுப் பக்கம் திறக்கிற பெரிய பையோடு திரிகிறவன். அதைக் கழற்றி நிலத்தில் வைத்தால்தான் கமெராவே வெளியில் வரும். அப்படியான பையின் மூடி படத்தின் மூலையில் விழ வழியில்லை. அவனிடம் பக்கத்தால் திறக்கிற பை இல்லையென்றால், படம் அவனுடையது இல்லை. அதைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

"நீ ஓட்டோவிலை இருக்கிறியோ?" என்று கேட்டாள் ஜெயகௌரி.

"நான் ஏன் ஒளிக்கவேணும்?" ஜெசிதா இறங்கிவிட்டாள். "படமும் என்ரை. பாக் வாங்கப்போற காசும் என்ரை."

ஸ்ரூடியோவின் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏசிக் குளிரும் சாம்பிராணி மணமும் ஒன்றாக வந்தன. கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த சிவதர்ஷன் ஜெசிதாவைக் கண்டதும் ஒரு நொடி திணறிப்போய்ப் பிறகு பல்லைக் காட்டினான்.

"ஓ, தங்கச்சி. இன்னும் கோவமே?"

"ஓம்," என்றாள் ஜெசிதா. "பாக் பாக்க வந்தனாங்கள்."

"நல்லது, நல்லது. கோவம் வேறை, வியாபாரம் வேறை. சொல்லுங்கோ அன்ரி, என்ன மாதிரிப் பாக்?"

"டவுனுக்கை நடந்து திரிய," என்றாள் ஜெயகௌரி. "சின்னன். ஒரு கமெரா, இன்னுமொரு லென்ஸ், குடை, தண்ணிப் போத்தில். அவ்வளவும் போகவேணும், ஆனா பாத்தால் கமெரா பாக் மாதிரி இருக்கப்படாது. பஸ்ஸிலை நிக்கேக்கை பின்னாலை நிக்கிறவன்ரை மூக்கிலையும் இடிக்கப்படாது."

"என்ரை மூக்கிலை," என்று சிமியோன் திருத்தினான்.

சிவதர்ஷன் முதலில் இறக்கியது கறுப்பில் ஒரு மலை. ஜெயகௌரி அதை மாட்டிக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்று நடந்தாள். திரும்பும்போது கண்ணாடி மேசையில் இருந்த படச்சட்டம் ஒன்று சரிந்தது.

"அக்கா, ஊரெழும்பி இடம்பெயரிற மாதிரி இருக்கு," என்றான் சிமியோன். "உதுக்கை கமெராவோடை பாய் தலகணியும் வைக்கலாம்."

"இது கலியாண வீட்டுக்கு," என்று சிவதர்ஷன் அதை வாங்கி வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தான். ஒடுங்கலானது, நல்ல சாம்பல். "இது முதுகுப் பக்கம் திறக்கும். போட்டிருக்கேக்கை ஒருத்தனும் சிப்பிலை கை வைக்கேலாது. சந்தைச் சனத்துக்கை நல்ல பாதுகாப்பு."

"கள்ளனுக்கு மட்டுமில்லை, எனக்கும் கை எட்டாதே," என்றாள் ஜெயகௌரி. "தெருவிலை ஒரு படத்தைக் காணுறன். பாக்கைக் கழட்டி, குந்தி, நிலத்திலை வைச்சு, திறந்து எடுக்கிறதுக்கிடையிலை படம் எழும்பி வீட்டை போயிடும்."

ஜெசிதா சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்த முதல் சிரிப்பு.

"அப்ப இதுதான்." மூன்றாவது பை மண்ணிறம், பள்ளிக்கூடப் பை அளவு. "ஒரு தோளைக் கழட்டி முன்னுக்கு இழுத்தால், பக்கத்து மூடி திறக்கும். கமெரா கைக்கு வரும். உள்ளுக்கை தடுப்பை நீங்கள் விரும்பின மாதிரி மாத்தலாம். மழைக்கு உறையும் இருக்கு."

"தண்ணிப் போத்தில் வைக்கிற இடம் கள்ளுப் போத்திலுக்கும் காணுமே?" என்று கேட்டான் சிமியோன்.

ஜெயகௌரி பையைப் போட்டு, இழுத்து, திறந்து, மூடினாள். தோள்வாரை இரண்டு தரம் பிடித்து இழுத்தாள். பிறகு மெல்லத் தூண்டிலைப் போட்டாள்.

"நல்லாத்தான் விளங்கப்படுத்திறீர் தம்பி. ஆனா நீர் பாவிக்கிறது இந்த வகை இல்லையே? கலியாண வீடுகளிலை பெரிய பாக்கோடைதானே காணுறது?"

கேட்டுவிட்டு அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவன் முகம் சுருங்கவில்லை. விரிந்தது.

"அப்பிடி ஆர் சொன்னது?" குனிந்து மேசைக்கு அடியில் கைவிட்டான். மேலே வந்தது ஒரு பை. ஜெசிதாவின் மடியில் கிடந்ததன் கூடப்பிறந்தது. அதே கம்பனி, அதே அளவு, அதே பக்கத்து மூடி. "தெருவிலை நடக்க இதுதான் என்ரை பாக். தங்கச்சிக்கு வித்ததும் இதைப் பாத்துத்தான். கேளுங்கோவன் அவவை."

ஜெசிதா தன் பையின் மூடியைக் கையால் பொத்தினாள். "அதை மறந்தே போனன், அன்ரி," என்றாள் மெதுவாக.

சிமியோன் குனிந்து இரண்டு பைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தான். ஒரு வாரமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்த ஒரே தடயம் கடைக்காரனின் மேசைக்கு அடியில் இருந்தே செத்துப் பிறந்தது.

சிவதர்ஷனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அந்தப் படத்தின்ரை மூலையிலை கறுப்பாத் தெரியிறது என்ன எண்டு நினைக்கிறியள்? இந்த மூடிதான்! பாக்குக்கு மேலை கமெராவை வைச்சு அடிச்சனான். சந்தேகம் எண்டால் நீங்களே திறந்து பாருங்கோ."

ஜெயகௌரி பையைக் கையில் வாங்கினாள். மூடியைத் திறந்தாள். மூடினாள். மூடிக்கு மேல் காய்ந்துபோன ஒரு வட்டத்தில் அவளுடைய விரல் நின்றது. சந்தனம். நடுவில் மங்கலான குங்குமம்.

"சாமிப் பொட்டோ, தம்பி?"

"ஓம். கழுவ மனம் வரேல்லை. சரஸ்வதி பூசைக்கு வைச்ச பாக் எல்லோ! அந்த அருள்தான் முதற் பரிசு."

"அப்பிடிச் சொல்லும்," என்று ஜெயகௌரி தலையாட்டினாள். "அப்ப ஒண்டு செய்வம். இதை மாஸ்ரரும் கேக்கட்டும். பிறகு இந்தப் பிள்ளையும் கதை வளர்க்காது."

போனை எடுத்துப் பரமலிங்கம் மாஸ்ரரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கண்ணாடி மேசையில் வைத்தாள்.

"அன்ரி!" ஜெசிதா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்களுமே?"

"பொறு பிள்ளை," என்றாள் ஜெயகௌரி, அவளைப் பாராமலே.

"அக்கா, தோத்தால் தோத்த மாதிரி வீட்டை போவம். ஏன் மைக் கட்டித் தோக்கவேணும்?" என்று சிமியோன் காதுக்குள் முணுமுணுத்தான்.

சிவதர்ஷன் போனுக்குக் குனிந்து, பாடசாலைப் பேச்சுப் போட்டி மாதிரித் தெளிவாகச் சொன்னான். "மாஸ்ரர், படம் நான் எடுத்தது. சரஸ்வதி பூசை அண்டு பின்னேரம். மூலையிலை தெரியிறது என்ரை பாக்கின்ரை மூடி. பாக் இஞ்சை இருக்கு."

"வேறை பாக் இல்லையே?" என்று கேட்டாள் ஜெயகௌரி. "இதே பாக்தானே?"

"சத்தியமா இதே பாக். இதே கமெரா."

"நல்லது." ஜெயகௌரி போனை அணைக்காமலே தொண்டையைச் செருமினாள். "தம்பி, கதைச்சுக் கதைச்சு நா வறண்டு போச்சு. அம்மா உள்ளையோ? ஒரு வாய்த் தேத்தண்ணி கிடைக்குமே?"

வென்றவனுக்குத் தேத்தண்ணி என்ன பெரிய விசயம்! "அம்மா! நாலு தேத்தண்ணி!"

சிறிது நேரத்தில் திரைச்சேலையை விலக்கிக்கொண்டு மகாதேவியம்மா வந்தார். நெற்றி நிறைய திருநீறு, கையில் தட்டம். கண் நேராக மேசையில் கிடந்த பைக்குத்தான் போனது.

"அதைக் கண்ட இடத்திலை வைக்காதை எண்டு எத்தினை நாள் சொன்னனான்? பூசைக்கு வைச்ச சாமான்."

"நானும் அதைத்தான் பாத்தனான், அம்மா," என்றாள் ஜெயகௌரி தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு. "எவ்வளவு வடிவா வட்டமாப் பொட்டு வைச்சிருக்கிறியள். எங்கடை இணுவிலிலையும் இப்ப ஆர் இப்பிடி ஒழுங்கா வைக்கினம்? காலமை கமெராவை வைப்பினம், பின்னேரம் தூக்கிக்கொண்டு ஓடுவினம்."

மகாதேவியம்மாவுக்கு அது பிடித்த பேச்சு. தட்டத்தை வைத்துவிட்டுக் கையை இடுப்பில் ஊன்றினார்.

"எங்கடை வீட்டிலை அந்த விளையாட்டு இல்லை. காலமையே எல்லாம் சரஸ்வதிக்கு முன்னாலை. கமெரா முழுக்க, லைற்று, ஸ்ராண்டு, உந்தப் பாக், கணக்கெழுதிற பேனை, எல்லாம். விசயதசமி விடிஞ்சு, தீபம் காட்டினாப் பிறகுதான் தொடலாம். இவன்ரை அப்பா இருந்த காலத்திலை இருந்து அதுதான் ஒழுங்கு."

"பிள்ளையள் பொறுப்பினமே? களவா எடுத்திட மாட்டினமோ?"

"எப்பிடி எடுக்கிறது? சாமியறையைப் பூட்டித் திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டெல்லோ திரியிறனான்!" என்று இடுப்பில் செருகிய சேலைத் தலைப்புக்குள் இருந்து திறப்புக் கோர்வையை எடுத்துக் குலுக்கியும் காட்டினார்.

ஜெயகௌரி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

சிமியோனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "மாதாவே!" என்றான். "பாக் சாமியறைக்குள்ளை. மூடி மட்டும் தட்டாதெருவுக்கு நடந்து போயிருக்கு!"

சிவதர்ஷன் தாயைப் பார்த்தான். போனைப் பார்த்தான். "அது... நான்... நீங்கள் குளிக்கேக்கை மெதுவா எடுத்தனான், அம்மா."

"என்ன?" மகாதேவியம்மாவின் குரலில் கண்ணாடி மேசையே அதிர்ந்தது. "சரஸ்வதிக்கு முன்னாலை இருந்து எடுத்தனியோ? திறப்பு என்ரை இடுப்பிலை கிடக்க, நீ சுவருக்காலையோ போனனீ?"

"இல்லை, எடுக்கேல்லை... நான் சொல்ல வந்தது..."

"எடுத்தனியோ, எடுக்கேல்லையோ?"

பாவம், அவனுக்கு இரண்டு கதவுதான் இருந்தன. எடுத்தேன் என்றால் தாய் விடமாட்டார். எடுக்கவில்லை என்றால் மாஸ்ரர் விடமாட்டார். தாயின் கண்ணை விட மாஸ்ரரின் காது தூரம் என்று நினைத்தானோ என்னவோ.

"எடுக்கேல்லை, அம்மா."

"கேட்டியளோ, மாஸ்ரர்?" என்றாள் ஜெயகௌரி போனிடம்.

"கேட்டது," என்று பரமலிங்கத்தின் குரல் வந்தது. "வடிவாக் கேட்டது."

"படத்தையே நீங்கள் பாருங்கோவன். சந்தனப் பொட்டு வைச்ச ஸ்பனரை ஒருத்தரும் தொடாத நாள் அது. அதாலைதான் அந்த மனிசன்ரை கை சும்மா கிடக்கு. இஞ்சை வீட்டு ஒழுங்கிலை கமெராவைத் தொடாத ஒருத்தர், அந்த நாளை எப்பிடிப் படம் எடுக்கிறது? அண்டைக்குத் தெருவிலை கமெராவோடை நிண்டது சரஸ்வதி பூசை வைக்காத வீட்டுப் பிள்ளை. இவவின்ரை பாக்கிலை பொட்டும் இல்லை, சிப்பும் இல்லை."

ஜெசிதா தன்னுடைய பையின் நீலக் கயிற்றை அவிழ்த்தாள். மூடி சரிந்து தொங்கியது. படத்தின் மூலையில் இருந்ததும் அதே சரிவுதான்.

மகாதேவியம்மா மகனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. "இந்தப் பிள்ளையின்ரை படமோடா?"

அவன் சரிந்து கிடந்த படச்சட்டத்தை எடுத்து நிமிர்த்தினான்.

"மாஸ்ரர்," என்று அந்த அம்மாவே போனுக்குக் குனிந்தார். "இவன்ரை பேரை வெட்டுங்கோ. நான் தாய் சொல்லுறன்."

"ரெண்டு பேரையும் போடலாமே?" சிவதர்ஷன் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தான். "நான்தானே அனுப்பினது. அனுப்பாட்டில் பரிசே இல்லை. தங்கச்சி, யோசியும். ஒரு பெட்டை தனியத் தெருத்தெருவாக் கமெராவோடை திரியிறது எண்டு நாளைக்கு ஆயிரம் பேர் கதைப்பினம். என்ரை பேரும் இருந்தால் உமக்குத்தான் மரியாதை."

ஜெசிதா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கதைக்கட்டும், அண்ணை. கதைக்கிற ஆக்களையும் படம் எடுப்பன். கீழை என்ரை பேர் மட்டும் போடுவன்."

"தாயே, முதலிலை என்னை எடு. நான்தான் கனக்கக் கதைக்கிறது," என்றான் சிமியோன்.

மகாதேவியம்மா மண்ணிறப் பையை எடுத்து ஜெசிதாவின் கையில் திணித்தார். "இதைக் கொண்டுபோ, மேனை. காசு வேண்டாம். என்ரை மனம் ஆறட்டும்."

ஜெசிதா அதை ஒருமுறை தோளில் மாட்டிப் பார்த்தாள். முன்னுக்கு இழுத்தாள். மூடியைத் திறந்தாள். நல்லாகவே பொருந்தியது. ஆசையும் இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு கழற்றி, பக்குவமாக ராக்கைத் தட்டில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"பாக் நல்லது, அம்மா. கடைதான் சரியில்லை."

வெளியே வெயில் கொளுத்தியது. சிமியோன் ஓட்டோவை ஸ்ராட் பண்ணினான். "ஏறு பிள்ளை. நாளைய பெரிய ஆளை இண்டைக்குச் சும்மா கொண்டுபோய் விடுறன். நாளைக்குச் சும்மா இல்லை."

"நான் நடந்து வாறன். இந்த ரோட்டிலை இன்னும் எத்தினை பாக் கடை கிடக்கு."

"அப்ப பக்கத்தாலை திறக்கிறதாப் பாத்து எடு," என்றாள் ஜெயகௌரி. "சிப்பை முதல் இழுத்துப் பார்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. பரமலிங்கம் மாஸ்ரர். பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். ஜெயகௌரி கொடுத்தாள்.

"பிள்ளை, நான் அண்டைக்கு உம்மைத் துரத்தினது பிழை. பேர் மாத்தி, உம்மடை தலைப்போடை படத்தைத் திரும்ப அடிக்கக் குடுக்கிறன். அதோடை ஒரு சின்ன விசயம். மூலையிலை அந்தக் கறுப்பு கொஞ்சம் உறுத்துது. அந்தப் பக்கத்தை ஒரு விரலளவு வெட்டிவிடட்டோ? படம் சுத்தமா இருக்கும்."

ஜெசிதா நீலக் கயிற்றை விரலில் சுற்றினாள். நடைபாதையில் போன இரண்டு பேர் அவளையும் அவளுடைய பையையும் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் அவர்களைத் திருப்பிப் பார்த்தாள். அவர்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பினார்கள்.

"வெட்டாதேங்கோ, மாஸ்ரர்," என்றாள். "அந்த மூலையிலை நிக்கிறது நான்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். மூடியைக் கட்டவில்லை. அது காற்றில் ஆடிக்கொண்டிருக்க, கஸ்தூரியார் வீதியின் நடுவெயிலில் கமெராவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.